பிரெஞ்சு நடிகை கிளேரோன் நாடக நடிப்பை எப்படி மாற்றினார்? 43 வயதிலேயே ஏன் மேடையை விட்டார்?

கிளேரோன் (1723–1803) பாரிஸின் கொமெதி பிரான்சேஸ் குழுவில் 1743-ல் சேர்ந்தார். 17-ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் ரசீனின் 'பெத்ர' நாடகத்தில் தலைமைப் பாத்திரம். அதிலேயே பெயர் வாங்கிவிட்டார். பத்தாண்டு கைதட்டல் வாங்கித் தந்த முறையைத்தான் பிறகு அவரே கைவிட்டார் என்பதுதான் இதில் வியப்பு.

அன்றைய துன்பியல் நாடகம் முழுக்கச் செய்யுள். அடிக்கு 12 அசை, ஆறாவதில் ஒரு நிறுத்தம், இரண்டிரண்டு அடியாக இயைபு. நடிகர்கள் அதை ராகம் போட்டு இழுத்து முழங்குவார்கள். எல்லா அடிக்கும் ஒரே கனம் விழுவதால் கோபமும் புலம்பலும் ஒன்றாகவே கேட்கும். பேச்சுப்போலச் சொல்லிப் பாருங்கள் என்று எழுத்தாளர் மார்மோந்தெல் வெகுநாள் வற்புறுத்தினார். 1752 வாக்கில் போர்தோ நகரில் கிளேரோன் அதைச் சோதித்தார். முதலில் பெத்ரவைப் பழைய பாணியில் நடித்தார். அடுத்து ரசீனின் இன்னொரு நாடகத்தில் ரோம அரசி அக்ரிப்பினாவை அடங்கிய குரலில். தொடக்கத்தில் அரங்கில் சலசலப்பு, போகப் போகப் பாராட்டு. வெளியூரில் முதலில் சோதித்தது கெட்டிக்காரத்தனம்.

குரல் எளிமையானதும் உடை இடித்தது. பாவாடைக்குள் இரு பக்கமும் விரிந்து நிற்கும் 'பானியே' என்ற சட்டம் இருந்தால் கையை இயல்பாகத் தொங்கவிட முடியாது. அதைக் கழற்றிவிட்டு, கிரேக்கக் கதையின் இளவரசி எலெக்த்ராவாக விரித்த கூந்தலும் கையில் விலங்குமாக, அடிமை உடையில் வந்தார். 1755-ல் வால்தேரின் சீன நாடகத்திலும் பானியே இல்லை. நடிகர்கள் உடைகளைச் சொந்தச் செலவில் தைத்துக்கொண்ட காலம் அது. பத்தாயிரம் எக்யூ (அன்றைய பிரெஞ்சு நாணயம்) பெறுமான உடைகள் வீணாயின என்று அவர் சொன்னதாக மார்மோந்தெல் எழுதுகிறார். மேடைமேலேயே பணக்காரர்களுக்குப் போட்டிருந்த இருக்கைகள் 1759-ல் அகற்றப்பட்ட பிறகுதான் நடமாட இடமே கிடைத்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் லொராகே பிரபு.

இயல்பு என்றால் தோன்றியபடி நடிப்பது என்று எண்ண வேண்டாம். கிளேரோன் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வைப்பவர். உணர்ச்சி வேகத்தில் நடித்த போட்டியாளர் தியூமெனிலுக்கு நேரெதிராக, கணக்கிட்ட நடிப்புக்குக் கிளேரோனையே தத்துவ எழுத்தாளர் தித்ரோ எடுத்துக்காட்டினார்.

விலகலுக்குக் காரணம் கலை அல்ல, நடிகர்களின் நிலைமை. திருச்சபை அவர்களை விலக்கி வைத்திருந்தது; 1730-ல் புகழ்பெற்ற நடிகை லெகூவ்ரர் இறந்தபோது கிறித்தவ அடக்கம்கூட மறுக்கப்பட்டது. 1765 ஏப்ரலில், வழக்கொன்றில் பொய்ச் சத்தியம் செய்ததாகச் சொல்லப்பட்ட தியூபுவா என்ற நடிகருடன் மேடையேற கிளேரோனும் சக நடிகர் லெகென் முதலிய சிலரும் மறுத்தார்கள். காட்சி நின்றது, கூட்டம் கொதித்தது. மறுத்தவர்களை ஃபோர் லெவேக் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்த கிளேரோன் மீண்டும் அந்தக் குழுவில் நடிக்கவில்லை. 1766-ல் முறைப்படி ஓய்வு பெற்றார். பின்னர் ஜெர்மானிய அன்ஸ்பாக் சிற்றரசரின் அவையில் பல ஆண்டுகள் இருந்தார். லாரீவ், ரொக்கூர் போன்ற இளம் நடிகர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

1798-ல் வந்த அவருடைய நினைவுக்குறிப்புகளைப் படிப்பதானால், நடிப்பு பற்றிய பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். திருவிழா வேடத்தில் இருந்த பாதிரியார் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது போன்ற கதைகளை அப்படியே நம்பிவிட வேண்டாம்.