மேசை ரம்பத்தின் முன்னால் உங்கள் மகள் நிற்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினேழு வயது நிறைந்த உங்கள் மகள் மரவேலையும் அறைகலன் தயாரிப்பும் கற்கும் பயிற்சியில் சேர விரும்புகிறார் என்றும், பயிற்சிக்கூடத்தைப் பார்க்கப் போன அன்று அங்கே ஓடிக்கொண்டிருந்த மேசை ரம்பத்தை, அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு நீட்டிச் சுழலும் அறுப்பு இயந்திரத்தை, கண்டதிலிருந்து உங்களுக்குச் சரியான உறக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது ஆபத்தான வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், ஆபத்தான வேலைதான்; அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் மட்டும் மேசை ரம்பத்தின் பிளேடு பட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குச் செல்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கும்படி வேண்டுகிறேன். ஒரே வகை ரம்பம் இரண்டு பட்டறைகளில் இருக்கலாம். ஒன்றில் மகளை நம்பி விடலாம், மற்றொன்றில் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆகவே இந்தத் தொழில் ஆபத்தானதா என்பதைவிட, இந்தப் பட்டறையில் அந்த இயந்திரத்தை அவருக்கு யார், எந்த வரிசையில், எப்படிக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதே நீங்கள் விடை தேட வேண்டிய கேள்வி.

அந்த விடையைத் தேடப் போகும்போது எதைப் பார்ப்பது என்று தெரிவதற்கு, ரம்பம் எப்படிக் காயப்படுத்துகிறது என்பது உங்களுக்கு ஓரளவு விளங்கியிருக்க வேண்டும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. நிற்பவரின் பக்கத்தில் உள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்துகின்றன. அதனால் எல்லாம் கட்டுக்குள் இருப்பது போலத் தோன்றும். ஆனால் பிளேடின் பின்பக்கத்தில் அதே பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பலகை தன் உள் இறுக்கத்தால் மீண்டும் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினாலோ, நேர்கோட்டுக்கு வழிகாட்டும் ஃபென்ஸை விட்டுச் சற்றே விலகிப் பின்பற்களின் மேல் சாய்ந்தாலோ, அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவரை நோக்கி எறிந்துவிடும். இதைத்தான் பட்டறைகளில் கிக்பேக் என்கிறார்கள். பறந்து வரும் பலகை வயிற்றிலோ நெஞ்சிலோ அடிப்பது ஒரு கேடு. அதைவிடக் கொடியது, அதுவரை பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பலகை திடீரென்று அகன்றதும் தன் விசையிலேயே பிளேடின் மேல் போய் விழுவது. கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிற இந்தச் செயலை எவருடைய அனுபவமும் சுறுசுறுப்பும் தடுத்துவிட முடியாது; பலகையைத் தள்ளத் தொடங்குவதற்கு முன்பே செய்துவைத்த ஏற்பாடுதான் தடுக்கும்.

அந்த ஏற்பாடுகளில் முதன்மையானது ரைவிங் நைஃப் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு. பிளேடுக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் இடைவெளியில் நின்று, பிளேடு ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, அறுபட்ட பிளவு மூடிவிடாமல் அது பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் பிளேடை மூடும் காப்பு மூடி, பலகையைத் தள்ளிக் கொடுக்கும் தள்ளுகுச்சி ஆகியவை வருகின்றன. பலகையை முழுதும் ஊடுருவாமல் பள்ளம் மட்டும் வெட்டும் வேலைக்குக் காப்பு மூடியைக் கழற்றத்தான் வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒரு வேலைக்காகக் கழற்றியதை மறுபடியும் மாட்டுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் அது இல்லாமல் அறுப்பதே அந்தப் பட்டறையின் வழக்கமாகிவிடுகிறது.

இதை நான் என் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவரை ஒரு பட்டறைக்குப் பரிந்துரைத்தேன். பாடத்திட்டத்தையும் வேலைவாய்ப்பு விவரத்தையும் தாளில் படித்துப் பார்த்தேனே தவிர, நேரில் போய்ப் பார்க்கவில்லை. சேர்ந்த நான்காம் மாதத்தில் அவருடைய இடது கைப் பெருவிரலின் நுனி போயிற்று. அதன் பிறகு அங்கே சென்றபோது, இயந்திரத்தோடு வந்த காப்பு மூடியும் ரைவிங் நைஃபும் சுவரில் ஓர் ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். அவற்றின் மேல் மரத்தூள் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு மணி நேரம் செலவிட்டு முன்கூட்டியே போயிருந்தால் அந்தத் தூளை நான் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து நேரில் பார்க்காத பட்டறையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆகவே நீங்களும் மகளும் மறுபடியும் ஒருமுறை அந்தப் பயிற்சிக்கூடத்துக்குச் செல்லுங்கள். விருந்தினரை வரவேற்பதற்காக ஒழுங்கு செய்யப்பட்ட நாளில் வேண்டாம், சாதாரண வேலை நாளில், பிற்பகலில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் போங்கள். முதலில் தள்ளுகுச்சியைத் தேடுங்கள். அது ரம்பத்தின் அருகிலேயே கைக்கு எட்டும் இடத்தில், நுனியில் பல்பட்ட தழும்புகளோடு இருந்தால், அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். வாங்கிய நாளின் மெருகோடு அலமாரியில் இருந்தால் கைவிரலால் தள்ளுகிறார்கள் என்று பொருள். பயிற்சி ஆசிரியர் அறுக்கும்போது எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நின்று, பலகை முழுதும் கடந்த பிறகே கையை எடுப்பவராக இருந்தால் அவரிடம் கற்றவர்களுக்கும் அந்த நிலை உடம்பில் ஊறியிருக்கும். பிளேடு பலகைக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதும் பேசும். அரை அங்குலத்துக்கும் குறைவாக எட்டிப் பார்க்க வேண்டிய பிளேடு காரணமின்றி மூன்று அங்குலம் நிமிர்ந்து நின்றால், அங்கே இன்னும் பலவற்றைப் பொருட்படுத்தாமல் இருப்பார்கள். தரையில் துண்டுக் கட்டைகள் சிதறிக் கிடக்கின்றனவா, அணைக்கும் சுவிட்ச் முழங்காலாலோ தொடையாலோ தட்டக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்குமா என்று கேளுங்கள். நல்ல பட்டறையில், மறுபடி சுவிட்சை அழுத்தினால்தான் ஓடும்படி அமைத்திருப்பார்கள்.

கையுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் தங்கள் அன்பினால் முதலில் வாங்கிக் கொடுப்பது அதைத்தான். சுழலும் பிளேடுக்கு அருகில் கையுறை பாதுகாப்பு அல்ல; அதன் நூலிழை ஒன்று பல்லில் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். தொளதொளத்த சட்டைக் கை, துப்பட்டா, மோதிரம், வளையல், கட்டாத கூந்தல் ஆகிய அனைத்துக்கும் இதே காரணம் பொருந்தும். நீங்கள் வாங்கிக் கொடுக்க விரும்பினால் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடியும் நல்ல காதுக் காப்பும் வாங்கிக் கொடுங்கள்.

காதையும் மூச்சையும் பெற்றோர் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரிகிறது, இவை தெரிவதில்லை. 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் தொழில்நலத் துறையினர் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான். ரம்பமும் இழைப்பு இயந்திரமும் அந்த அளவை எளிதில் தொட்டுவிடுகின்றன. மரத்தூளை, மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே தூளை இயந்திரத்திலேயே உறிஞ்சி எடுக்கும் அமைப்பு அங்கே இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று பாருங்கள். உங்கள் மகள் இந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருக்கப் போகிறவர் என்பதை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறேன்.

கற்பிக்கும் வரிசை இன்னும் முக்கியமானது. என் மதிப்பீட்டில், முதல் சில வாரங்கள் கைரம்பம், உளி, இழைப்புளி ஆகியவற்றோடு கழிய வேண்டும். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பலகை வளைந்திருக்கிறது, எது அறுக்கும்போது இறுகும் என்பதெல்லாம் கைக்கருவியில்தான் விரலுக்குப் புரியும். வளைந்த பலகையை மேசை ரம்பத்தில் வைக்கக் கூடாது என்ற விதி அப்படிக் கற்றவருக்கு மனப்பாடமாக இல்லாமல் அறிவாகவே இருக்கும். பிறகு டிரில், ஜிக்சா போன்ற கையடக்க மின்கருவிகள் வரட்டும். அதன் பின்பே, ஓடாத இயந்திரத்தின் முன் நின்று, மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகு பிளேடை மாற்றுவது, ஃபென்ஸைப் பிளேடுக்கு இணையாக நிறுத்துவது, பலகையைத் தள்ளிப் பழகுவது என்று மேசை ரம்பத்துக்கு வர வேண்டும். வேகமாகச் சுழலும் வட்டைக் கொண்டு தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும் ஆங்கிள் கிரைண்டர் என்ற கையடக்க மின்கருவியை எளியது என்று கருதி முதல் வாரத்திலேயே கையில் கொடுக்கும் இடங்களை நான் நம்புவதில்லை. அதன் காப்பைக் கழற்றிவிட்டு மர அறுப்பு பிளேடை மாட்டும் பழக்கம் எங்காவது கண்ணில் பட்டால், மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

தோல் பட்டதும் நின்றுவிடும் ரம்பங்கள் இருக்கின்றனவாமே என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. அமெரிக்க இயற்பியலாளரும் காப்புரிமை வழக்கறிஞருமான ஸ்டீபன் காஸ் 1999இல் உருவாக்கிய சாஸ்டாப் என்ற அமைப்பு அத்தகையது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையைக் கொண்டு தொடுதலை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் செலுத்தி, சுமார் 5 மில்லி வினாடியில் பிளேடை நிறுத்திவிடுகிறது. விரலையே இழக்க வேண்டிய விபத்தில் ஒரு கீறலோடு தப்பலாம். பயிற்சிக்கூடத்தில் அது இருந்தால் மிக நல்லது. ஆனால் ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதை அறுப்பதற்காக இந்த அமைப்பை அணைத்து வைக்க முடியும், கிக்பேக்கில் பறந்து வரும் பலகையை அது தடுப்பதில்லை, நாளை மகள் வேலைக்குப் போகும் இடத்தில் அது இல்லாமலும் போகலாம். ஆகவே அது இருக்கிறது என்பதற்காக மேலே சொன்ன எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். 1973ஆம் ஆண்டின் 138ஆம் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை, அபாயம் உள்ள வேலைகளுக்குக் குறைந்த வயது 18 என்கிறது. முழுப் பாதுகாப்பும் அந்தத் துறையில் போதிய பயிற்சியும் இருந்தால் மட்டுமே 16 வயதிலிருந்து அனுமதிக்க இடம் தருகிறது. உங்கள் மகளுக்குப் பதினேழு என்பதால், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நேரத்தில் ரம்பத்தை இயக்கச் சொல்ல மாட்டோம் என்பதைப் பயிற்சிக்கூடத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தயங்க வேண்டாம், நல்ல இடத்தில் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று உறவினர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மேசை ரம்பத்துக்கு உடல்வலிமை தேவையில்லை. பலகையை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது என்றுதான் பொருள். முழு அளவு ஒட்டுப்பலகையை (பிளைவுட்) யாராக இருந்தாலும் இருவர் சேர்ந்தே அறுக்க வேண்டும்.

இனி மகளிடம் நேரடியாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. விதி தெரியாததால் மட்டும் விபத்து நடப்பதில்லை. விதி தெரிந்தவர், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய கடைசித் துண்டை, தள்ளுகுச்சியை எடுக்கச் சோம்பி விரலால் தள்ளும்போதும் நடக்கிறது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தும் வேளையில், "இந்தத் துண்டு மிகச் சிறியது, இதை இந்த ரம்பத்தில் நான் அறுக்க மாட்டேன், கைரம்பத்தில் அறுத்துத் தருகிறேன்" என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்ல அவருக்கு வர வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் மறுத்துப் பேசியே பழக்கமில்லாத பிள்ளைக்கு இது எளிதன்று. ஆகவே உங்களிடமே அவர் மறுத்துச் சொல்லிப் பார்க்கட்டும். நீங்கள் வற்புறுத்திப் பாருங்கள். உறக்கம் குறைந்த நாளிலும், தூக்கம் வரவழைக்கும் மருந்து உண்ட நாளிலும் இயந்திரத்தைத் தொடாமல் இருப்பதும், அறுத்துக்கொண்டிருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தவை.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதை நீங்களும் அறிந்திருங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்த வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் காயம்பட்டவரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். துண்டைப் பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்தால் திசு கெட்டு, மீண்டும் பொருத்த முடியாமல் போகும். பட்டறையின் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டதும் அங்கிருப்பவர் சட்டென்று கை காட்டுகிறாரா, தேடுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது போதும். பயிற்சிக்கூடத்தில் பேச்சை நீங்கள் தொடங்காமல் மகளையே கேள்விகள் கேட்க விடுங்கள். அவர் என்ன கேட்டார், பயிற்சி ஆசிரியர் எதற்குப் பொறுமையாக விடை சொன்னார், எதற்கு முகம் சுளித்தார் என்பதை எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, அங்கே சேர்வதா, வேறிடம் தேடுவதா என்று மூவரும் சேர்ந்து பேசுவோம்.