நோயாளி எந்த மொழியில் பேசுவார்?

வணக்கம் டாக்டர்,

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டாவது முறை எழுதி நீட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஆனால் என் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது, தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட எங்களால் முடியாது. மதுரையில் ஒரு ஏஜென்ட் ஜார்ஜியா என்கிறார். பெரியப்பா ரஷ்யா என்கிறார். தோழி ஒருத்தி பிலிப்பைன்ஸ் போகலாம் என்கிறாள். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். நீங்கள் ரஷ்யாவில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். எந்த நாடு நல்லது? தனியாக இருந்துவிட முடியுமா என்று பயமாகவும் இருக்கிறது. என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது. நோயாளி என்ற சொல் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, 1999இல் நான் விமானம் ஏறியபோது எனக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அது பொய் இல்லை. அனாட்டமியும் பிசியாலஜியும் ஆங்கிலத்தில்தான் ஓடின. மூன்றாம் வருடம் வார்டுக்குள் போனோம். கட்டிலில் ஒரு பாட்டி. சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றோம். பேராசிரியை என்னைப் பார்த்து, கேள் என்றார். “க்தே பலீத்?” என்று கேட்டேன். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம், மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாட்டி ஐந்து நிமிடம் பதில் சொன்னார். வயிறு, இரவு என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. வலி எப்போது தொடங்கியது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, முதுகுப் பக்கம் போகிறதா, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருந்தது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் அவர் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை.

அன்று மாலையிலிருந்து ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்கார அம்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசினேன். அவருடைய மூட்டு வலி, மருமகள், தோட்டத்து உருளைக்கிழங்கு என்று எதையாவது பேசுவார். ஆறு மாதத்தில் வார்டில் காது திறந்தது.

ஆகவே எந்த நாடு என்று கேட்பதை விட்டுவிட்டு, நீங்கள் பார்க்கும் கல்லூரியில் நான்காம், ஐந்தாம் வருடம் படிக்கிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் எண்கள் வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பவர்கள் கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது தனியாக ஒரு நோயாளியிடம் நோய் விவரம் கேட்டு கேஸ் ஹிஸ்டரி எடுத்தீர்கள், எந்த மொழியில் எடுத்தீர்கள், ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கல்லூரி வேண்டாம், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

ஜார்ஜியா என்றால், தலைநகர் திபிலிசி ஆஸ்பத்திரியில் நோயாளி பேசப்போவது ஜார்ஜிய மொழி. அதற்குத் தனி எழுத்து உண்டு, மொத்தம் 33. தமிழில் 247 படித்த பெண்ணுக்கு அது மலை இல்லை. ஆனால் படித்தே ஆக வேண்டும். ரஷ்யாவுக்குப் போனாலும் இதே கதைதான்.

அப்புறம் விதி. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளை அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. இந்தியா வந்து இன்னொரு 12 மாதம். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே, அந்த நாட்டுக் குடிமகனைப் போல, மருத்துவம் பார்க்கும் தகுதி கிடைக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமே எம்.டி.தான். அது வழக்கமாக நான்கு வருடம், அதாவது 48 மாதம், 54க்குக் குறைவு. தோழியிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

நடுவில் கல்லூரி மாறவும் முடியாது. 2022இல் உக்ரைனில் போர் வந்து ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் நடுவழியில் நின்றபோது, வேறு நாட்டில் தொடர்ந்து படிக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதனால் இது ஒரே ஒரு முறை எடுக்கும் முடிவு. மேலே சொன்ன ஒவ்வொன்றையும் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்காமல் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

திரும்பி வந்தால் ஸ்க்ரீனிங் டெஸ்ட், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தேற வேண்டிய தேர்வு. 300க்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் பருவத்தில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். அத்தனை பேரும் படிக்காதவர்கள் என்று நான் நம்பவில்லை. ரஷ்யாவில் எங்களுக்குத் தேர்வு வாய்மொழி. மேஜையிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, அதில் உள்ள கேள்விக்குப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நல்ல முறைதான், யோசிக்கப் பழக்கியது. இங்கேயோ கொள்குறி வினாக்கள், அதுவும் நம் நாட்டு நோய்கள், நம் நாட்டுச் சுகாதாரத் திட்டங்கள். முதல் முறை நான் தேறவில்லை. பின்னர் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக நின்ற முதல் வாரத்திலேயே ஒரு பாம்புக்கடி, ஒரு அரளி விதை கேஸ். ஆறு வருடத்தில் இரண்டையும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூன்றாம் வருடத்திலிருந்தே நம் ஊர்ப் புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமையாவது திறந்துவிடுங்கள்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அந்த நேரம்தான் வீட்டு ஞாபகம் அதிகம் வரும். அறைக்குள் படுத்துக்கொள்ளாதீர்கள், பொதுச் சமையலறைக்குப் போய்விடுங்கள். அங்கே யாராவது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல் என்று வகுப்பைத் தவறவிட்டால் ரஷ்யாவில் ‘அத்ரபோத்கா’ உண்டு, அதே ஆசிரியரிடம் போய் அந்தப் பாடத்தை ஒப்பித்துக் கழிக்க வேண்டும். இந்தப் பாக்கியைச் சேரவிடாதீர்கள், சேர்ந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள்.

அம்மாவுக்கு: கம்பளிக் கோட்டை இங்கே வாங்க வேண்டாம். அந்த ஊர்க் குளிருக்கு அந்த ஊர்க் கோட்டுதான் தாங்கும். நிழலில் காயவைத்த கறிவேப்பிலை, பருப்புப் பொடி, சின்ன பிரஷர் குக்கர் போதும். குக்கர் ரப்பர் மட்டும் இரண்டு கூடுதலாக வையுங்கள், நான் போன ஊரில் அது எங்கேயும் கிடைக்கவில்லை.