வேடிக்கை பார்ப்பது தப்பில்லை, பார்க்கும் விதம்தான் முக்கியம்

தம்பி, வேற்று ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, லீவு நாளில் பேச ஆளில்லாமல் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்க்கிறேன், சிலர் முகம் சுளிக்கிறார்கள், இது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வங்கிக் கணக்கு, வாடகை வீடு, லைசன்ஸ் பற்றியும் கேள்விகள். அவை ஊருக்கு ஊர் மாறும். உடன் வேலை செய்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். வேடிக்கை பார்ப்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தப்பே இல்லை. கைப்பேசியில் படம் பார்க்க முடியாத காலத்தில் வந்து இறங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள இதுதான் கைகொடுத்தது. முகம் சுளிப்பதற்குக் காரணம், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதுதான். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் இதை எழுதியிருக்கிறார்: எதிரே வருகிறவரை ஏறக்குறைய எட்டடி தூரம் வரை பார்க்கலாம், கடக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், எதிரெதிரே வரும் வண்டிகள் விளக்கைத் தாழ்த்துவது போல. ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு. கண்ணோடு கண் பட்டுவிட்டால் வெடுக்கென்று திரும்பாதீர்கள், அது திருட்டுப் பார்வை போல ஆகிவிடும். மெல்லச் சிரித்து, நிதானமாகப் பார்வையை இறக்குங்கள். தலை முதல் கால் வரை அளக்காதீர்கள். போகிறவர் பின்னால் கழுத்தையும் திருப்பாதீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டாலும் கழுத்து காட்டிக்கொடுக்கும்.

உட்காரும் இடம் பாதி வேலையைச் செய்துவிடும். பாதை நேராக உங்களை நோக்கி வரும் பெஞ்ச் வேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் உங்கள் முகத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டியிருக்கும். பாதை குறுக்கே போகிற மாதிரி, நாலைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள். கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தின் பக்கம் தனியாகப் போய் உட்காரவே வேண்டாம்.

இருட்டிய பிறகு ரயிலில் ஜன்னல் கண்ணாடி வழியாக எதிர் இருக்கைக்காரரைப் பார்க்கிறவர்கள், தங்களைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடிதான். அதில் அவர் கண் உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் கண்ணும் அவருக்குத் தெரியும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் எதிரில் இருப்பவரின் உடையையும் உடம்பையும் தமிழிலேயே விமர்சிக்கிறார்கள், யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில். தமிழ் புரிந்தவர் அடுத்த இருக்கையில் இருப்பார். புரியாதவருக்கும் குரலும் கண் ஜாடையும் சிரிப்பும் புரியும். பல வருடம் இருந்தும் இதை விடாதவர்களைப் பார்த்தால் மனசு நோகிறது. தெரியாதவரைப் படம் எடுப்பதும் அப்படித்தான். சட்டம் அனுமதிக்கிற ஊரிலும் செய்யாதீர்கள்.

எதைப் பார்ப்பது? முகத்தை விட்டுவிட்டுக் கை, கால், நடையைப் பாருங்கள். நடந்துகொண்டிருப்பவர் வழி தப்பித் திரும்பும்போது பெரும்பாலும் சும்மா திரும்ப மாட்டார். பையைத் தட்டுவார், கடிகாரத்தைப் பார்ப்பார். யாரும் கேட்காத கேள்விக்கு ஊருக்கே பதில் சொல்கிற மாதிரி இருக்கும். குறுகலான வழியில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் விலகி, மறுபடி ஒரே பக்கம் விலகுவார்கள். ஒருவர் நின்றால்தான் அது தீரும். நியூயார்க்கின் திறந்தவெளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், பேச நிற்கிறவர்கள் ஓரமாக ஒதுங்காமல் கூட்டம் போகும் வழியிலேயே நிற்பதைக் கவனித்தார். நீங்களும் பாருங்கள், விடைபெற்ற பிறகும் அங்கேயே நிற்பார்கள்.

வேலை நாளில் தினமும் ஒரே நேரம், ஒரே ரயில், ஒரே கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சில முகங்கள் பழகிவிடும். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களில் இவர்களைப் பழகிய அந்நியர்கள் என்றார். பேச்சே இருக்காது, ஆனால் ஒருநாள் வராவிட்டால் மனம் தேடும். இவர்களிடம் அந்த நடைமேடையிலேயே பேச்சுக் கொடுக்க அவசரப்படாதீர்கள். அங்கே பேசாமல் இருப்பதுதான் இருவருக்கும் பழகிப்போன ஒப்பந்தம். வேறு இடத்தில், கடையிலோ மருத்துவமனையிலோ எதிர்ப்பட்டால் தலையசையுங்கள். அநேகமாக அவரே முதலில் சிரிப்பார்.