செஸ் என்ஜின் மோதல்: பத்து ஆட்டத்தில் முடிவு சொல்லலாமா?

மேலூர் வாசகர்: நான் எழுதும் செஸ் புரோகிராமின் புதிய வடிவம் பழையதோடு 10 ஆட்டம் ஆடியது. 5 வெற்றி, 1 தோல்வி, 4 டிரா. முன்னேற்றம்தானே?

இருக்கலாம், ஆனால் இதை வைத்துச் சொல்ல முடியாது. டிராக்களைத் தள்ளி வையுங்கள். யார் கை ஓங்கியது என்று அவை காட்டுவதில்லை. மிச்சம் 6 ஆட்டம். ஒரு காசை 6 முறை சுண்டினால் வரக்கூடிய 64 வரிசைகளில் 14-ல், ஒரே பக்கம் ஐந்து முறையோ ஆறு முறையோ விழும். அதாவது, சரிசமமான இரண்டு புரோகிராம்களை மோதவிட்டாலும் ஐந்துக்கு ஒரு தடவைக்கு மேல் இப்படி ஒரு முன்னிலை கிடைக்கும். இதே விகிதத்தில் 50-10 வந்தால் தாராளமாகக் கொண்டாடுங்கள்.

திருமங்கலம் வாசகர்: அப்படியானால் 100 ஆட்டம் போதுமா?

பெரிய வித்தியாசம் என்றால் போதும். பாதி ஆட்டம் டிரா ஆகும் என்று வைத்துக்கொண்டால், சமபலம் உள்ளவர்களுக்குள்ளேயே 57-43 வரை போவது சகஜம். தவறும் எல்லையைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும். 55 சதவீதப் புள்ளி எடுப்பது, ஆடுபவரின் பலத்தை அளக்கும் எலோ கணக்கில் சுமார் 35 எலோ முன்னிலை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமை எழுதும் குழுவினர் ஓரிரு எலோவுக்காக ஆயிரக்கணக்கில் ஆட வைப்பது இதனால்தான்.

2019-ல் டிசெக் (TCEC) என்ற செஸ் புரோகிராம்களுக்கான போட்டியின் 15-வது சீசன் இறுதிப்போட்டியில் லீலா என்ற புரோகிராம் 53.5-46.5 என்று ஸ்டாக்ஃபிஷை வென்றது. பட்டம் நியாயமானதுதான். ஆனால் அந்த 7 புள்ளியை மட்டும் வைத்து லீலாதான் பலசாலி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 2017-ல் ஆல்ஃபாஜீரோ என்ற புரோகிராம், ஸ்டாக்ஃபிஷை 28-0 என்று வென்று 72 டிரா செய்தது வேறு கதை. அது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற விதியும் ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த 1 ஜிபி ஹேஷும் (கணித்ததைச் சேமித்து வைக்கும் நினைவகம்) சரிதானா என்றுதான் சண்டை.

உசிலம்பட்டி வாசகர்: பாதியில் கரண்ட் போய் போட்டி நின்றுவிட்டது. அதுவரை வந்த கணக்கு செல்லுமா? என் நண்பர் 4 புள்ளி முந்தியதும் நிறுத்திவிடுகிறார்.

உங்கள் கணக்கு செல்லும். மின்வாரியம் ஸ்கோரைப் பார்த்து கரண்டை நிறுத்துவதில்லையே! சிக்கல் உங்கள் நண்பரிடம்தான். பலம் சமமாகவே இருந்தாலும், காத்துக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் 4 புள்ளி முன்னிலை வந்தே தீரும். அந்த நொடியில் நிறுத்துவது, வேண்டிய பதிலுக்காகக் காத்திருப்பதுதான்.

நடுவில் எட்டிப்பார்க்க ஆசை என்றால் அதற்கும் முறை உண்டு. 1940-களில் ஆபிரகாம் வால்ட் வகுத்த தொடர் சோதனை அது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கணக்குப் புள்ளி ஏறும், இறங்கும். இரு பக்கமும் 5 சதவீதத் தவறை ஏற்பதானால், 2.94-ஐத் தொட்டால் மாற்றத்தை ஏற்கலாம், மைனஸ் 2.94 என்றால் தூக்கிப்போடலாம். எல்லைகளை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மதுரை அண்ணா நகர் வாசகர்: ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் நகர்வுகள் அடங்கிய ஓப்பனிங் கோப்பு அவசியமா?

கட்டாயம். அது இல்லாமல் குறிப்பிட்ட ஆழத்துக்கு (இத்தனை நகர்வு முன்னே பார்க்கலாம் என்ற வரம்பு) பிராசசரின் ஒரே கோரில் ஆட விட்டால் அதே ஆட்டமே திரும்பத் திரும்ப வரும். நூறு ஆடினாலும், நிறத்துக்கு ஒன்றாக இரண்டுதான் கணக்கு. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் இருமுறை, நிறம் மாற்றி ஆட வையுங்கள். அப்புறம், சித்திரை வெயிலில் லேப்டாப் சூடாகி வேகம் குறையும், ஒரே நேரத்தில் எல்லா கோரையும் நிரப்பாதீர்கள். சார்ஜரைச் சொருகி, பாண்டரிங்கை (எதிராளியின் முறையிலும் யோசிப்பதை) அணைத்து ஓட்டுங்கள்.