கட்டி மேல் கட்டி வருகிறதே, டானிக் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஆறு மாதத்துக்குள் அக்குளிலும் தொடையிலும் மூன்று முறை சீழ்க்கட்டி வந்துவிட்டது. சூட்டுக்கட்டி என்கிறார் அம்மா. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. ஹெச்பிஏ1சி 9.2. எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது டானிக், லேகியம் சாப்பிடலாமா?

பதில்: டானிக் வேண்டாம். லேகியத்தில் பெரும்பாலும் வெல்லமோ தேனோ இருக்கும், அது வேறு தொல்லை. முதலில் அந்த 9.2-ஐப் பார்ப்போம். கடந்த இரண்டு மூன்று மாதமாக உங்கள் சர்க்கரை சராசரியாக 215-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளை அணுக்கள் சரியாகத்தானே இருக்கின்றன என்று கேட்பீர்கள். அந்தப் பரிசோதனை தலையை மட்டும்தான் எண்ணும், வேலையைப் பார்க்காது. தோலில் கிருமி நுழைந்தால் முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். சர்க்கரை 200-க்கு மேலேயே நின்றால் அவை வந்து சேரத் தாமதமாகும். வந்தாலும் கிருமியை விழுங்குவதிலும் கொல்வதிலும் சுணக்கம். கிருமியைக் கொல்லும் ரசாயனத்தைத் தயாரிக்க அவற்றுக்கு ஒரு மூலப்பொருள் தேவை. அணுவுக்குள் குளுக்கோஸ் மிதமிஞ்சிப் போனால், அதை வேறொன்றாக மாற்றுவதிலேயே அந்த மூலப்பொருள் தீர்ந்துவிடுகிறது. இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நியூட்ரோஃபில்கள் நெடுநாள் வாழ்பவை அல்ல. எலும்பு மஜ்ஜை தினமும் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினால் புதிதாக வருபவை ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும்.

அம்மா சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. கட்டிக்குக் காரணம் சூடு அல்ல, கிருமிதான். ஆனால் வியர்வையும் உரசலும் உள்ள இடம் அதற்குத் தோதானது. வெயில் காலத்தில் அது கூடத்தானே செய்யும்?

இன்னொன்று. கட்டி இருக்கும்போது உடம்பு கார்டிசால், அட்ரினலின் ஹார்மோன்களை அதிகம் சுரக்கும், சர்க்கரை இன்னும் ஏறும். அந்த நேரத்தில் சில நாட்களுக்கு இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாதீர்கள்.

கட்டியைப் பிதுக்காதீர்கள். சீழ் கோத்திருந்தால் மருத்துவர் கீறி எடுக்கட்டும். மூன்று முறை வந்துவிட்டதால் இந்தத் தடவை சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். துண்டு, ரேஸர் உங்களுக்குத் தனி.

அப்புறம், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வர இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

பிடரியிலோ முதுகிலோ பல வாய் வைத்த பெரிய கட்டி வந்தால், ராஜபிளவை என்பார்களே அதுதான், அல்லது காய்ச்சலோடு சிவப்பு பரவிக்கொண்டே போனால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.