வேகமான டிஸ்க்கைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்: டிஸ்க் கோல்ஃப் கேள்வி-பதில்

தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் போடுவதுதான் டிஸ்க் கோல்ஃப். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாற்பதை ஒட்டியவர்களும் அதைத் தாண்டியவர்களும் கேட்டவை. சிலர் டிஸ்க்கைத் தொட்டதே இல்லை. சிலர் இளமையில் ஆடிவிட்டு, வேலை, குடும்பம் என்று விலகிப் போய் இப்போது திரும்பி வருகிறார்கள். கேள்விகள் வேறு வேறு. ஆனால் என் பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: மெதுவான டிஸ்க்கை வீசிப் பழகுங்கள். சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்வத்தோடு வந்து சில மாதங்களில் மனம் விட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கையில் இருந்தது அவர்களுக்குப் பொருந்தாத டிஸ்க்.

எனக்கு வயது 46. எந்த விளையாட்டிலும் பெரிதாக ஈடுபட்டதில்லை. இனிமேல் தொடங்குவது சரிவருமா?

தாராளமாக. இந்த விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான பிடிஜிஏ, 40 வயதிலேயே தனிப் போட்டிப் பிரிவைத் தொடங்கிவிடுகிறது. அது 50, 60, 70 என்று ஏறி 80 வயது வரை போகிறது. அந்த வயதிலும் ஆட ஆள் இருப்பதால்தான் பிரிவும் இருக்கிறது.

ஓட வேண்டாம், யாரும் உங்கள் மேல் வந்து மோத மாட்டார்கள். நடக்க வேண்டும், குனிய வேண்டும், உடம்பை ஒரே பக்கமாகப் பல முறை திருப்ப வேண்டும். கவனம் வேண்டியது அந்தக் கடைசி விஷயத்தில்தான். ஆடுவதற்கு முன் பத்து நிமிடம் இடுப்பையும் தோளையும் இரு பக்கமும் மெல்லச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து வீச்சுகள் பாதி பலத்தோடு இருக்கட்டும்.

கடையில் "நல்ல தூரம் போகும்" என்று 12 எண் போட்ட டிஸ்க்கைக் கொடுத்தார்கள். நண்பர், மெதுவாகப் பறக்கும் புட்டர் ஒன்று போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நண்பர் பேச்சை.

பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நான்கு எண்கள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் எண் ஸ்பீடு. 1-இல் தொடங்கி 14, 15 வரை போகும். அந்த டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்று பலரும் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது தன் இயல்புப்படி பறக்க *நீங்கள்* எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் உண்மையில் அந்த எண். இரண்டாவது கிளைடு, 1 முதல் 7 வரை: காற்றில் எவ்வளவு மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன், +1 முதல் -5 வரை: வேகமாகப் பறக்கும் கட்டத்தில் வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது (மைனஸ் பக்கம் போகப் போகச் சாய்வு அதிகம்). நான்காவது ஃபேட், 0 முதல் 5 வரை: வேகம் தணிந்ததும் இடப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது. இந்த வலம், இடம் எல்லாம் வலக்கை பேக்ஹேண்டுக்கு, அதாவது கையை உடம்பின் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர வீசும் வீச்சுக்கு. இடக்கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு டிஸ்க்குகளை எடுத்துக்கொள்வோம். அவியார் என்ற புட்டர்: 2, 3, 0, 1. டிஸ்ட்ராயர் என்ற டிஸ்டன்ஸ் டிரைவர் (நெடுந்தூரத்துக்கான வேகமான டிஸ்க்): 12, 5, -1, 3. டிஸ்ட்ராயருக்கு வேண்டிய வேகத்தைப் புதியவரின் கை தராது. தராதபோது அந்த -1 வேலையே செய்யாது, 3 மட்டும் மிஞ்சும். எறிந்த சில நொடியில் டிஸ்க் இடப்பக்கம் மடங்கித் தரையில் குத்தும். அதே கையால் அவியாரை வீசினால் கிட்டத்தட்ட அதே தூரம், ஆனால் நேராகப் போகும். மெதுவான டிஸ்க் உங்கள் தவறையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். கை ஆட்டம் கண்டால் அதுவும் ஆடிக்கொண்டே பறக்கும். அதைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்ள முடியும்.

ஆகவே, ஒரே மாதிரிப் புட்டர் இரண்டு, நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஒன்று. மிட்ரேஞ்சில் பஸ் (Buzzz) என்ற டிஸ்க் (5, 4, -1, 1) போல நேராகப் போவது எதுவும் நல்லது. எடை 165 முதல் 175 கிராமுக்குள் இருக்கட்டும். விலை உயர்ந்த பிளாஸ்டிக் இப்போது வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் கைக்கு நன்றாகப் பிடிகொடுக்கும், மரத்தில் பட்டுத் தேய்ந்தாலும் மனசு வலிக்காது. மூன்று மாதம் கழித்து, மிட்ரேஞ்ச் நேராகப் போகத் தொடங்கிய பிறகு, லெப்பர்ட் (6, 5, -2, 1) போன்ற ஒரு ஃபேர்வே டிரைவரை, அதாவது மிட்ரேஞ்சுக்கும் டிஸ்டன்ஸ் டிரைவருக்கும் இடைப்பட்ட டிஸ்க்கை, சேர்த்துக்கொள்ளலாம். அந்த 12-ஐத் தூக்கிப் போட வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும்.

புட்டரை வீசினாலும் இடப்பக்கமேதான் போகிறது. மேலே ஏறி, நின்று, சரிந்து விழுகிறது.

"மேலே ஏறி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. உங்கள் டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கி இருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் இதுதான் மிகப் பெரிய கூட்டம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வலக்கை பேக்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். முன்விளிம்பு காற்றை எதிர்த்து நிமிரும்போது காற்று அதை இன்னும் மேலே தள்ளப் பார்க்கும். சுழலும் பொருளை ஒரு திசையில் தள்ளினால், தள்ளிய இடத்திலிருந்து சுழற்சியின் போக்கில் கால் வட்டம் தள்ளித்தான் அதன் விளைவு தெரியும். பம்பரம் தலை சாய்ந்தும் விழாமல் வட்டமடிப்பதும் இதே காரணத்தால்தான். எனவே முன்பக்கம் மேலே தள்ளப்பட்ட டிஸ்க்கின் வலப்பக்கம் உயரும், இடப்பக்கம் தாழும், அது இடப்பக்கம் போகும். எல்லா டிஸ்க்கும் வேகம் குறைந்து இறங்கும்போது இப்படித்தான் திரும்பும். நீங்கள் அதைத் தொடக்கத்திலேயே நடக்க வைக்கிறீர்கள்.

திருத்த மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் மணிக்கட்டு. ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு லேசாகக் கீழே சாயுமே, அந்தச் சாய்வோடு பிடியுங்கள். அடுத்து, டிஸ்க் உள்ளங்கையின் குறுக்குக் கோட்டில் பதிந்திருக்கிறதா? விரல் நுனியில் தொங்கினால் முன்பக்கம் நிமிரும். மூன்றாவது, உடம்பின் எடை. பின்காலிலேயே எடை தங்கினால் தோள் பின்னால் சாயும், டிஸ்க்கும் அதோடு வானம் பார்க்கும். முன்காலுக்கு எடை மாறிய பிறகு கை வர வேண்டும்.

ஓடி வந்து வீசாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல், 30 மீட்டர் தூரத்துக்கு வீசிப் பாருங்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்தால், கையை விட்டுப் புறப்படும் கணத்தில் டிஸ்க் எப்படி இருந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டு மாதமாக ஆடுகிறேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு ஆடலாமா?

வேண்டாம். நான் பொறுத்துக்கொண்டு ஆடியவன். ஆரம்ப ஆண்டில் தூரத்தின் மேல் இருந்த வெறியில் ஒரே மாலையில் நூறு, நூற்றைம்பது வீச்சு வீசுவேன். லேசாகத் தொடங்கிய வலி, கடைசியில் கதவுக் குமிழைத் திருப்ப முடியாத அளவுக்குப் போனது. அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. உங்களுக்கு அது வர வேண்டாம்.

இப்போதே நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால், அல்லது விரல்கள் மரத்துப் போனால், மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவது மட்டும் கூடவே கூடாது.

திரும்பி வரும்போது இரண்டு மாற்றங்களோடு வாருங்கள். ஒன்று, பிடி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை டிஸ்க்கை நெரித்துப் பிடிப்பவர்களுக்குத்தான் முழங்கையின் வெளிப்பக்கம் அதிகம் வலிக்கும். தளர்வாகப் பிடித்து, விடும் கணத்தில் மட்டும் இறுக்கம் வரட்டும். இரண்டு, பலம் எங்கிருந்து வருகிறது என்பது. கால், இடுப்பு, தோள், கை என்ற வரிசையில் அது ஏறி வர வேண்டும். இடுப்பு திரும்புவதற்கு முன் கை கிளம்பினால் மொத்தப் பளுவையும் முழங்கைதான் சுமக்கும்.

முழங்காலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். வீசி முடித்ததும் முன்கால் குதிகாலில் சுழன்று திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். ஈரமான புல்லில் நல்ல பிடியுள்ள ஷூ போடுகிறோம், அது சரிதான். ஆனால் பிடி அதிகமாக இருக்கும் நாளில் ஓடி வந்து வீசுவதைக் குறையுங்கள்.

இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடியும் ஆட வருகிறேன். பழைய பை அப்படியே இருக்கிறது. என்னவெல்லாம் மாறியிருக்கிறது?

வாருங்கள். உங்கள் பையில் ராக் என்ற மிட்ரேஞ்ச், அவியார் இருந்தால் அவை இன்றும் விற்பனையில் இருக்கும் டிஸ்க்குகள்தான். ஆனால் அடிபட்டுத் தேய்ந்த டிஸ்க் புதியதைவிட அதிகமாக வலம் சாயும். ஒருமுறை வெட்டவெளியில் எல்லாவற்றையும் வீசிப் பார்த்து, எது எப்படிப் போகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பு அகலமான 12, 13 ஸ்பீடு டிரைவர்கள் நீங்கள் விட்டுப்போன பிறகு பெருகியவை. அவற்றுக்கு அவசரம் இல்லை.

விதிகளில் சில. முன்பு கால் தவறாக வைத்தால் முதலில் எச்சரிக்கைதான். இப்போது நேராக ஒரு வீச்சு அபராதம். கால் வைக்க வேண்டிய இடம், குறியீட்டு டிஸ்க்குக்கு (முந்தைய வீச்சு விழுந்த இடத்தைக் காட்டும் டிஸ்க்) பின்னால் 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட செவ்வகம். வீசும் கணத்தில் உடம்பின் ஒரு பகுதியாவது அதற்குள் இருக்க வேண்டும். மரத்தில் 2 மீட்டருக்கு மேல் மாட்டினால் அபராதம் என்பது, போட்டி நடத்துபவர் அறிவித்தால் மட்டும் உண்டு. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசிவிட்டு, நிலையாக நின்று காட்டாமல் முன்னால் அடி வைக்கக் கூடாது என்பது மாறவில்லை.

உங்களிடம் ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வீசிய வீச்சு உங்கள் நினைவில் பத்திரமாக இருக்கும். தசைநாருக்கு அந்த நினைவு கிடையாது. மனம் பழைய தூரத்தைக் கேட்கும், உடம்பும் முதல் நாள் சரியென்று கொடுத்துவிடும், மறுநாள் காலை தெரியும். முதல் மாதம் முழுவதும் புட்டரும் மிட்ரேஞ்சும் மட்டும் எடுத்துப் போங்கள். புதியவர்களைவிடத் திரும்பி வருபவர்களுக்கே காயம் அதிகம் வருகிறது என்பது என் அனுபவம்.

கூடைக்குப் பக்கத்தில் போய்க் கோட்டைவிடுகிறேன்.

3 மீட்டரில் நின்று தினமும் இருபது. பத்துக்கு ஒன்பது விழுந்தால் ஓர் அடி பின்னால் போங்கள், விழாவிட்டால் போகாதீர்கள். கூடை முழுவதையும் பார்க்காமல் ஒரே ஒரு சங்கிலியைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். நான் தந்த அறிவுரைகளில் ஸ்கோரை விரைவாகக் குறைத்தது இதுதான்.

வயது 51, பெண். தோளில் அவ்வளவு வலு இல்லை. என் டிஸ்க் 45 மீட்டர் தாண்டுவதில்லை. கூட ஆடுபவர்களுக்கு நான் தடையாக இருப்பேனோ என்று தயக்கம்.

45 மீட்டர் நேராக வீசுபவரோடு ஆட எனக்கு எப்போதும் சம்மதம். 80 மீட்டர் வீசிவிட்டு ஒவ்வொரு முறையும் புதரில் தேடுபவரைவிட நீங்கள் சீக்கிரம் முடித்துவிடுவீர்கள். எளிய மைதானங்களில் பல கூடைகள் 60 முதல் 90 மீட்டருக்குள்தான். இரண்டு வீச்சில் பக்கத்தில் போய்விட்டால் மூன்றாவது அல்லது நான்காவதில் முடியும்.

150 கிராம் அளவில், டர்ன் -2 அல்லது -3 உள்ள ஒரு டிஸ்க்கை முயன்று பாருங்கள். குறைந்த வேகத்திலும் அது நேராக மிதக்கும். 2016-இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் பாலைவனக் காற்றின் துணையோடு 338 மீட்டர் வீசி உலக சாதனை படைத்தார். அந்த எண்ணைப் பார்த்து வியக்கலாம், அதை வைத்து நம்மை அளக்க வேண்டாம்.

தடையாக இருக்கிறோமோ என்ற கவலைக்கு, ஆட்ட முறையைத் தெரிந்துகொள்வதே மருந்து. கூடைக்குத் தொலைவில் இருப்பவர் முதலில் வீசுவார். உங்கள் முறை வந்தால் 30 விநாடிக்குள் வீச வேண்டும். அடுத்தவர் வீசும்போது அசையாமல், அவர் பார்வையில் படாமல் நில்லுங்கள். பின்னால் வரும் குழு வேகமாக இருந்தால் அவர்களை முன்னே விடுங்கள். முன்னால் ஆள் நடமாடினால் வீசவே வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். இவற்றைக் கடைப்பிடிப்பவரை யாரும் தடையாக நினைக்க மாட்டார்கள்.

டிஸ்க் அடிக்கடி தொலைகிறது.

பச்சை, பழுப்பு வேண்டாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு வாங்குங்கள். அடிப்பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். டிஸ்க் விழும் வரை கண்ணை எடுக்காமல், விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் இருக்கும் ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியில் தேட 3 நிமிடம்தான். குளத்தோரம் புது டிஸ்க்கை எடுக்காதீர்கள், பெரும்பாலான டிஸ்க் மூழ்கிவிடும்.

எனக்கு எட்டும் தூரத்தில் கூடை வைத்த மைதானமே இல்லை. ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள். இந்த விளையாட்டு கூடையோடு பிறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிரந்தர மைதானத்தில் இலக்காக நின்றவை கம்பங்கள். சங்கிலித் தொங்கல் உள்ள கூடையை அவர் அதற்குப் பிறகுதான் உருவாக்கினார். அதற்கும் முன்பு மரம், விளக்குக் கம்பம் என்று கண்ணில் பட்டதெல்லாம் இலக்காக இருந்தது.

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திறந்தவெளி, இரண்டு புட்டர், ஒரு மிட்ரேஞ்ச். தொலைவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் அதன் தண்டில் பட்டால் முடிந்தது என்று கணக்கு. ஒன்பது மரத்துக்கு எத்தனை வீச்சு ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இளங்கன்றுகளையும், பட்டை மெல்லிய மரங்களையும் விட்டுவிடுங்கள், அவை காயப்படும். ஒரு மாதம் கழித்து அதே ஒன்பது மரத்துக்கு எத்தனை ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.