கடுகு விழுதுக்குப் பதிலாகக் கடுகுத்தூள்: கசப்பு ஏன்?

சாலட் டிரெஸ்ஸிங்கில் கடுகு விழுதுக்குப் பதிலாகக் கடுகுத்தூளை வினிகரில் கலந்ததாகவும், காரம் இல்லாமல் கசந்ததாகவும் கேட்டிருந்தீர்கள். சமையல் குறிப்பில் ஒரு மேசைக்கரண்டி விழுது என்றிருந்தால், தூள் ஒரு தேக்கரண்டி போதும். மீதி இரண்டு தேக்கரண்டி அளவைத் தண்ணீரும் வினிகருமாக நிரப்ப வேண்டும். நீங்கள் தூளையும் ஒரு மேசைக்கரண்டியே சேர்த்திருக்கிறீர்கள். அது மூன்று மடங்கு.

ஆனால் காரமே இல்லாமல் கசப்பு மட்டும் நின்றதற்கு, தூளை நேராக வினிகரில் கொட்டியது காரணமாக இருக்கலாம். கடுகின் காரம் தூளில் ஆயத்தமாக இருப்பதில்லை. தண்ணீர் பட்டதும் மைரோசினேஸ் என்னும் நொதி அதை உண்டாக்குகிறது, புளிப்போ கொதிநீரோ முதலிலேயே சேர்ந்தால் அந்த நொதி முடங்கிவிடுகிறது.

1. ஒரு தேக்கரண்டித் தூளை அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, 10 நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள்.

2. நெடி மூக்கில் ஏறினால் வினிகரைச் சேருங்கள். ஏறாவிட்டால் தூள் பழையதாகிவிட்டது, அளவைக் கூட்டிப் பயனில்லை.

விழுதில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், தூளுக்கு மாறும்போது உப்பைச் சற்றுக் கூட்ட நேரும். முழுக் கடுகை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். உடையாத விதை அந்தக் காரத்தைத் தராது.